லேகியத்துக்குப் பதிலாகப் பாட்டு

இசைக்குழுவின் போஸ்டரைப் பழைய மருந்து விளம்பரம்போல் வரைவது இப்போது பலருக்கும் பிடித்த கேலி. அதற்கு அமெரிக்க டானிக் பாட்டிலைத் தேடிப் போவானேன்? சேலம், நாமக்கல் பேருந்து நிலையச் சுவர்களைப் பார்த்தாலே போதும். பரம்பரை வைத்தியரின் மார்பளவுப் படம், கீழே கட்டம் கட்டி ஊர், தேதி, லாட்ஜ் பெயர்: ஆத்தூரில் ஒரு நாள், ராசிபுரத்தில் ஒரு நாள், திருச்செங்கோட்டில் ஒரு நாள். ஊர் ஊராகப் பாடப்போகும் குழுவுக்கு வேண்டியதும் இதே கட்டம்தான். ‘எங்களுக்கு வேறு கிளைகள் கிடையாது’, ‘போலிகளைக் கண்டு ஏமாறாதீர்கள்’ என்ற வரிகளில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம். லேகிய டப்பா இருந்த இடத்தில் பறையை வைத்தாலே சிரிப்பு வந்துவிடும்.

இது சித்த மருத்துவத்தை இழிவு செய்வதாகாதா என்று கேட்கலாம். சிரிப்பு மருந்தின்மீதல்ல, எல்லாம் தீரும் என்ற வாய்ச்சவடாலின்மீது. அந்தச் சவடாலைத் தடுக்கத்தான் 1954-லேயே மத்திய அரசு தனிச்சட்டம் போட்டது. குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களாக நீரிழிவு, புற்றுநோய், காது கேளாமை என்று அதன் பட்டியல் நீள்கிறது. எந்த வைத்திய முறைக்கும் அதில் விலக்கில்லை. பாட்டு மருந்தல்ல என்பதால் போஸ்டருக்கு அந்தச் சட்டத்தால் தொல்லை வராது என்று நினைக்கலாம். ஆனாலும் பட்டியலிலுள்ள நோய் எதையும் எழுதாமலிருப்பதே யோக்கியம். ஓடும் பஸ்ஸிலிருந்து பாதி வரி படிப்பவர் நோயாளியாகவும் இருக்கலாம்; நம்பிவிட்டால் அது கேலியாகாது. ‘ஞாயிறு சாயங்கால மந்தம்’ போன்ற கற்பனை வியாதி போதும். ஆண்மைக்குறைவு நகைச்சுவை வேண்டவே வேண்டாம். அதில் கேலிக்கு ஆளாவது வெட்கப்பட்டு ஒளிந்து போகும் நோயாளிதான், வைத்தியரல்ல.

ஒரு மருந்தின் பெயரையோ சின்னத்தையோ கேலி செய்தால் கம்பெனி வழக்குப் போடுமே என்ற பயம் நியாயமானது. 2010-ல் ‘தபாங்’ இந்திப் படப் பாட்டில் ஜண்டு பாம் பெயர் வந்ததற்கு அதைத் தயாரிக்கும் இமாமி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியது. பிறகு சமரசமாகி, அந்தப் பாட்டுக்கு ஆடிய நடிகையையே விளம்பரத்துக்குப் பிடித்துக்கொண்டது. 2011-ல் டாடா சின்னத்தைக் கேலி செய்த, கிரீன்பீஸ் சுற்றுச்சூழல் அமைப்பின் இணைய விளையாட்டுக்கு இடைக்காலத் தடை விதிக்க டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. ஆனால் அது ஒரு துறைமுகத் திட்டத்தை எதிர்த்த பிரசாரம்; டிக்கெட் விற்கும் போஸ்டருக்கு அதே சலுகை கிடைக்கும் என்று நம்பி இறங்க முடியாது. ஆகவே எந்தக் கம்பெனியின் சின்னத்தையும் தொடாமல், வைத்தியர் போஸ்டரின் தோரணையை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். தேதி, அரங்கம், டிக்கெட் விலை மூன்றிலும் விளையாட்டு கூடாது.