ஆலை வாயிலில் பிறந்த பிள்ளை

திரைப்படக் கலையின் பிறந்தநாள் என்று உலகம் கொண்டாடுவது 1895ஆம் ஆண்டு டிசம்பர் 28. அன்று பாரிசு நகரில் லூமியே உடன்பிறந்தார் கட்டணம் பெற்றுக் காட்டிய முதற்படம் எது தெரியுமா, தோழர்களே? தேவலோகமா? அந்தப்புரமா? அரம்பையின் ஆடலா? இலியோன் நகரில் இருந்த அவர்களுடைய ஆலையின் கதவு திறக்கிறது. வேலை முடித்த தொழிலாளர் வெளிவருகின்றனர். ஒரு நிமிடமும் ஓடாத அப்படத்தில் வருவோருள் பெரும்பாலோர் பெண்கள்! பாட்டாளிப் பெண்ணின் ஆலை வாயிலில் பிறந்த பிள்ளை சினிமா. வளர்ந்தது, வாழ்ந்தது, பெற்ற வாயிலை மறந்தது.

ஆம்பூருக்கு வாருங்கள். வாணியம்பாடிக்கு, பேரணாம்பட்டுக்கு, இராணிப்பேட்டைக்கு வாருங்கள். பதனிட்ட தோலை அப்படியே கப்பலேற்றுவதற்கு 1970களில் அரசு கட்டுப்பாடு விதித்தபின் இங்கே காலணி ஆலைகள் பெருகின. அவற்றின் தையல் எந்திரங்களின் முன் அமர்ந்தோர் பெரும்பாலும் பெண்கள். தோலை மடித்து, ஒட்டி, காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் கை அவள் கை. வேலையை வீட்டுக்கே வாங்கிச் சென்று, திண்ணையில் அமர்ந்து கையாலேயே தைப்போரும் உண்டு. சோடிக்குச் சில ரூபாய் கூலி. அந்தச் சோடி ஐரோப்பியக் கடைத்தெருவில் கண்ணாடிப் பேழைக்குள் கொலு வீற்றிருக்கும்!

இவளை எழுதிய ஏடு எது? காட்டிய திரை எது? ஆம்பூர் என்றால் பிரியாணி என்பார். தோல் என்றால் ஏற்றுமதிக் கணக்கு என்பார். பாலாறு பாழானதை எழுதினார்கள், எழுதத்தான் வேண்டும். 1996இல் உச்ச நீதிமன்றமே கண்டித்த கொடுமை அது. ஆற்றின் நிறம் மாறியதைக் கண்ட கண்ணுக்கு, அவ்வாற்றங்கரையில் முதுகு வளைந்தவள் மட்டும் தெரியவில்லையே! அவள் காணாமற் போகட்டும், காதலிக்கட்டும், பிணமாகட்டும்: உடனே படத்தோடு செய்தி! 'அழகி' என்றொரு பட்டம், 'கள்ளக்காதல்' என்றொரு தலைப்பு. கூலி உயர்வு கேட்டாளா? மூலையில் நாலு வரி.

வெள்ளித்திரையோ இன்னும் மோசம். சம்பாதிக்கும் பெண் என்றால் திமிர் பிடித்தவள். கதாநாயகன் ஓர் அறை கொடுப்பான். கடைசிக் காட்சியில் தாலி கட்டித் திருத்துவான். திரையில் பார்ப்பவன் ஆண், பார்க்கப்படுபவள் பெண் என்று 1975இல் ஆராய்ந்து எழுதினார் இலாரா மல்வி என்னும் ஆங்கில நாட்டு அறிஞர். நம் கொட்டகையில் ஒரு மாலை உட்கார்ந்திருந்தால் அவருக்குப் பாதி உழைப்பு மிச்சமாகியிருக்கும்!

நம்மவர் படங்கள் விதிவிலக்கோ? சொல்லத்தான் வேண்டும், சுடத்தான் செய்யும். 1952இல் வந்த பராசக்தி, பூசாரியின் முகமூடியைக் கிழித்தது, மறுப்பார் யார்? ஆனால் அதில் வரும் கல்யாணி, இட்லிக் கடை வைத்துப் பிழைக்க முயன்ற கைம்பெண். நாடு மனப்பாடம் செய்ததோ, அண்ணன் குணசேகரனின் நீதிமன்ற முழக்கத்தை! தங்கையின் துயர் அண்ணனின் வசனமாயிற்று. அவள் ஊற்றிய இட்லியைப் பற்றி எவன் பேசினான்? அன்று தொட்டு இன்று வரை, காக்கப்பட வேண்டியவளாகவே நாமும் அவளைக் காட்டி வருகிறோம்.

பெண்ணுக்குக் கருவி பிடிக்கத் தெரியுமா என்று கேட்போரும் உளர். 1931இல் தமிழின் முதற் பேசும்படமாகிய காளிதாசில் நாயகியாக நடித்த டி.பி. இராஜலட்சுமி, 1936இலேயே மிஸ் கமலா படத்தை இயக்கிவிட்டார்.

வேலூரில் படிப்பகம் நடத்தும் தோழர்களே, குறும்படம் எடுக்கத் துடிக்கும் இளைஞர்களே! மாலையில் கருவியோடு ஆலை வாயிலுக்குச் செல்லுங்கள். அதை அவள் கையில் கொடுங்கள். வசனம் நீங்கள் எழுத வேண்டாம்.