டீகோடர் என்ன சஞ்சீவி மூலிகையா?

மாடல் ரயில் விமர்சனம்னு எழுதுறாங்களே, அதுல பாதி பெயின்ட் விமர்சனம்தான். ஆணித்தலை தெரியுதா, மஞ்சள் கறுப்புப் பட்டை நேரா இருக்கா, கைப்பிடியைத் தனியா ஒட்டியிருக்கா... எல்லாம் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்ப்பாங்க. கடைசி வரியில மட்டும் 'ஓட்டம் சுமார்தான், டீகோடர் போட்டா சரியாயிடும்'னு முடிச்சுடுவாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வர்றது அந்தக் கடைசி வரியிலதான்.

பிரிட்டனோட கிளாஸ் 08 டீசல் எஞ்சினையே எடுத்துக்குவோம். 1952-லேர்ந்து 1962 வரைக்கும் 996 கட்டினாங்க. 350 குதிரைத்திறன். யார்டுல பெட்டிகளைப் பிரிச்சுச் சேர்க்கிறதுதான் வேலை. வேகம் மணிக்கு 15 மைல், அதாவது சுமார் 24 கி.மீ. பிரிட்டிஷ் 'என்' ஸ்கேலுக்கு (1:148) சுருக்கினா நீளம் 6 செ.மீ.தான். வேகத்தையும் அதே கணக்குல சுருக்குங்க: செகண்டுக்கு நாலரை செ.மீ. ஒரு மீட்டரைக் கடக்க 22 செகண்ட் ஆகணும், அதுவும் முழு வேகத்துல! நான் ஓட்டிப் பார்த்த ஒரு மாடல் (கம்பெனி பேர் வேணாம்) 5 செகண்டுல பறந்துச்சு. இது ஷன்ட்டரா, ராக்கெட்டா?

டி.சி.சி. போட்டா வேகம் அடங்கும், மறுக்கலை. தண்டவாளத்துல எப்பவும் முழு வோல்டேஜ் இருக்கும், கட்டளையும் அதுலயே வரும். டீகோடர் அதைப் படிச்சு மோட்டாருக்குக் கரன்ட் விடும். சி.வி. 5-ல உச்ச வேகத்தைக் குறைக்கலாம், சி.வி. 2-ல கிளம்புற வோல்டேஜை வைக்கலாம். நல்ல டீகோடர்னா மோட்டார் திருப்பி உண்டாக்குற வோல்டேஜை அளந்து, ஊர்ந்து போறதையும் சீராக்கும்.

ஆனா சக்கரத்துலேர்ந்து கரன்டே வரலைன்னா டீகோடர் என்ன பண்ணும்? மொத்தமே ஆறு சக்கரம். முதல் அச்சுக்கும் கடைசி அச்சுக்கும் நடுவுல சுமார் 24 மி.மீ. பாயின்ட்ஸ் நடுவுல ஒரு பிளாஸ்டிக் துண்டு, கொஞ்சம் தூசி... நின்னு போச்சு! 'கெபாசிட்டர் போடுங்க'ம்பாங்க. எங்கய்யா இடம்? எடைக்காக உள்ளே உலோகத்தை அடைச்சிருக்கு. அதைச் செதுக்கினா எடை குறையும், சக்கரம் தண்டவாளத்துல அழுந்தாது, கரன்ட் இன்னும் மோசமா வரும்.

சாக்கெட் இல்லாத பழைய மாடல்னா ஆபத்து வேற. பல 'என்' எஞ்சின்கள்ல சேசிஸே ரெண்டு உலோகப் பாதி. ஒவ்வொரு பாதியும் ஒரு தண்டவாளத்துக் கரன்டைச் சுமந்து மோட்டார் பிரஷ்ஷுக்கு நேரா குடுக்கும். மோட்டாரை அதுலேர்ந்து முழுசாப் பிரிக்காம டீகோடரைக் கோத்தா, புகைதான். பெட்டியில 'டி.சி.சி. ரெடி'ன்னு போட்டிருந்தாலும் சாக்கெட் இருக்குன்னுதான் அர்த்தம். நல்லா ஓடும்னு யாரும் சத்தியம் பண்ணலை.

'விளையாட்டு சாமானுக்கு இவ்ளோ அலப்பறையா?'ன்னு கேட்கலாம். சம்பளத்துல மிச்சம் பிடிச்சு எஞ்சின் வாங்கினவனை, அதை ஓட வைக்க இன்னொரு தடவை காசு போடுன்னு சொல்றது மட்டும் நியாயமா?

விமர்சனம் எழுதுற மகராசன்களே, மூணே மூணு வேலை பண்ணுங்க. முதல்ல சாதாரண டி.சி.யில, ஸ்டாப்வாட்ச் வெச்சு ஓட்டுங்க. பாயின்ட்ஸ் மேல ஊர்ந்து போகுதான்னு பாருங்க. மேல்மூடியைக் கழட்டி, டீகோடருக்கு எத்தனை மி.மீ. இடம் இருக்குன்னு அளந்து சொல்லுங்க. பெயின்ட் அழகை நாங்க போட்டோவுலயே பார்த்துக்கிறோம்.

நல்ல எஞ்சினை டீகோடர் இன்னும் நல்லா ஓட்டும். ஓடாத எஞ்சினை, நம்பர் குடுத்துக் கூப்பிட்டாலும் ஓடாததாத்தான் வெச்சிருக்கும்.