தென்னை ஓலைக்குள் வெள்ளைப் பஞ்சு... மருந்தடிக்கும் முன் ஒரு நிமிடம்!

மஃரிப் பாங்கு சொல்லி முடிகிற நேரம். கோட்டக்குப்பத்தில் வெளிச்சம் இன்னும் முழுசாகப் போகவில்லை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வண்டிகள் ஹெட்லைட் போட ஆரம்பித்திருக்கும். அப்போது கொல்லையில் நிற்கும் தென்னம்பிள்ளையைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஒன்று விசுக்கென்று பறந்து, திரும்பி, மறுபடி வந்து இலையடியில் ஒட்டிக்கொள்கிறது. பார்த்தவர்கள் 'அந்துப்பூச்சி' என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வார்கள்.

அது அந்துப்பூச்சி அல்ல, பட்டாம்பூச்சி. அதுவும் இந்தியாவில் இருக்கிற தன் குடும்பத்திலேயே மிகப் பெரியவற்றில் ஒன்று.

ஆங்கிலத்தில் இதன் பெயர் 'ஜயன்ட் ரெட்ஐ'. நம் மொழியில் 'பெரிய செங்கண்ணன்' என்று வைத்துக்கொள்ளலாம். அறிவியல் பெயர் கங்காரா தைர்சிஸ். சிறகை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை 7 செ.மீ.க்குக் குறையாது. உடம்பெல்லாம் சாக்லேட் பழுப்பு. முன் சிறகில் கண்ணாடித் துண்டு பதித்த மாதிரி மஞ்சள் புள்ளிகள். பெயருக்கேற்ப, கண் இரண்டும் நல்ல சிவப்பு.

பட்டாம்பூச்சி என்றால் பட்டப்பகலில் பூவுக்குப் பூ தாவும் என்றுதானே படித்திருக்கிறோம்? செங்கண்ணன் அந்தப் பாடப்புத்தகத்தைப் படிக்கவில்லை போல. விடியலுக்குச் சற்று முன், பொழுது சாய்ந்தபின் என்று இரண்டே வேளைதான் இதற்கு. வெயில் ஏறிவிட்டால் நிழலும் இருட்டுமான மூலையாகப் பார்த்து ஒதுங்கிவிடும். அதனால்தான் வருடக்கணக்காக ஒரே கொல்லையில் இருந்தும் பலர் இதைப் பார்த்ததே இல்லை.

பட்டாம்பூச்சியா, அந்துப்பூச்சியா?

இந்தக் குழப்பம் நியாயமானதுதான். இது சேர்ந்திருக்கும் குடும்பத்துக்கு ஆங்கிலத்தில் 'ஸ்கிப்பர்' என்று பெயர். நிதானமாக மிதந்து போகாமல், வெடுக் வெடுக்கென்று தாவித் தாவிப் பறப்பதால் வந்த பெயர். உலகம் முழுவதும் 3,500 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. தடித்த உடம்பு, பெரும்பாலும் மங்கிய பழுப்பு நிறம். எனவே பார்ப்பவருக்கு அந்துப்பூச்சி நினைவுதான் வரும்.

அடையாளம் கண்டுபிடிக்க எளிய வழி, தலையில் இருக்கும் உணர்கொம்பு. மற்ற பட்டாம்பூச்சிகளுக்கு அதன் நுனி தீக்குச்சித் தலை மாதிரி திரண்டிருக்கும். அந்துப்பூச்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு அது நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். தாவிகளுக்கு மட்டும் நுனி பின்பக்கமாகக் கொக்கி போல வளைந்திருக்கும். கையில் செல்போன் இருந்தால் போதும். உட்கார்ந்திருக்கும்போது ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கொக்கி தெரிந்துவிடும்.

1775-லேயே இதற்கு அறிவியல் பெயர் கிடைத்துவிட்டது. வைத்தவர் டென்மார்க் நாட்டுப் பூச்சியியலாளர் ஃபாப்ரீசியஸ். நம் தரங்கம்பாடியில் டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்த கோனிக் இவருக்குப் பூச்சிகளை அனுப்பிக்கொண்டிருந்தார் என்பது ஒரு சுவையான செய்தி.

ஓலைக்குள் ஒரு வீடு

தென்னை ஓலையைச் சுருட்டிப் பீப்பி ஊதாத பிள்ளை நம் கடலோர ஊர்களில் உண்டா? செங்கண்ணனின் புழு செய்வதும் கிட்டத்தட்ட அதே வேலைதான். தாய்ப் பூச்சி ஓலையில் முட்டையிடும். அரைக்கோள வடிவில், குட்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்த மாதிரி இருக்கும். பொரித்து வரும் புழு, ஓலையின் விளிம்பைத் தன் வாயிலிருந்து வரும் பட்டு நூலால் இழுத்துத் தைத்து, குழாய் போல ஆக்கிக்கொண்டு உள்ளே குடியேறுகிறது. அதுவே வீடு, அதுவே சாப்பாடு. தென்னை மட்டுமல்ல, ஈச்சை, கூந்தல் பனை, வாழை இலையும் இதற்குப் பிடிக்கும்.

அந்தக் குழாயைப் பிரித்தால்தான் ஆச்சரியம். புழுவின் உடம்பு முழுக்க வெள்ளை வெளேரென்று நீள நீளமான இழைகள். இலவம் பஞ்சில் உருட்டி எடுத்த மாதிரி இருக்கும். அது முடி அல்ல, மெழுகு. புழுவே சுரந்து வளர்த்துக்கொள்வது. தொட்டால் உதிர்ந்து கையில் ஒட்டும். வீட்டின் உட்சுவரிலும் அதே வெள்ளைப் பொடி அப்பிக் கிடக்கும்.

மெழுகு என்பதால் அரிக்காது. ஆனால் பிள்ளைகளை இதைத் தொட்டுப் பார்க்கச் சொல்ல வேண்டாம். அதே தென்னையில் பச்சை உடம்பில் முள் வைத்த இன்னொரு புழுவும் வரும். அது பட்டால் சுரீரென்று எரியும். இரண்டையும் பிரித்துப் பார்க்கப் பழகும் வரை கண்ணால் பார்ப்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

புழுப் பருவம் முடிந்ததும் அதே ஓலைக் குழாய்க்குள்ளேயே கூட்டுப்புழு ஆகிவிடுகிறது. பூச்சியின் உறிஞ்சுகுழல் மிக நீளம் என்பதால், அதை வைப்பதற்கான உறையும் கூட்டுப்புழுவின் வால் நுனியைத் தாண்டி நீண்டு நிற்கும். அடுத்ததுதான் விசேஷம். யாராவது அந்த ஓலையைத் தொட்டு ஆட்டினால் கூட்டுப்புழு உள்ளே படபடவென்று துடிக்கும். காய்ந்த ஓலையில் அது மோதும்போது கிலுகிலுப்பை ஆட்டுகிற சத்தம் வரும். கையும் காலும் இல்லாமல், ஓடவும் முடியாமல் கிடக்கிற உயிருக்கு, வந்தவரை மிரட்ட இருக்கிற ஒரே வழி அதுதான். வெறும் ஓலை என்று நினைத்துக் கை வைப்பவர் நிச்சயம் ஒரு அடி பின்னால் போவார்.

நம் நாட்டுப் பட்டாம்பூச்சிப் புழுக்களைப் பற்றி இந்த மாதிரி விவரங்கள் எல்லாம் எப்படித் தெரிய வந்தன? 1890-களில் இன்றைய கர்நாடகத்தின் கார்வாரில் மூன்று அரசு அதிகாரிகள் இருந்தார்கள். வனத்துறையில் பெல், உப்பு-சுங்கத் துறையில் எய்ட்கென், கலெக்டராக டேவிட்சன். ஆபீஸ் நேரம் போக மற்ற நேரத்தில் காடு காடாக அலைந்து, புழுக்களைப் பிடித்து வந்து வளர்த்து, எந்தப் புழு எந்தப் பட்டாம்பூச்சி ஆகிறது என்று எழுதி வைத்தார்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் அவை வந்தன. நூறு வருடம் தாண்டியும் ஆய்வாளர்கள் இன்னும் அதைத்தான் புரட்டுகிறார்கள்.

எச்சத்தை ஏன் எறிய வேண்டும்?

ஒரே அறையில் சாப்பிட்டு, தூங்கி, வளர்கிற புழுவுக்கு ஒரு பிரச்னை உண்டு. குப்பையை எங்கே கொட்டுவது?

தாவிக் குடும்பத்தில் அமெரிக்காவில் இருக்கும் ஓர் இனம் இதற்குக் கண்டுபிடித்த வழி வேடிக்கையானது. தன் எச்சத்தை உருண்டையாக்கிப் பீரங்கிக் குண்டு போல வெளியே சுட்டுவிடுகிறது. 4 செ.மீ. நீளப் புழு, ஒன்றரை மீட்டர் தூரத்துக்கு! மனிதர் அளவுக்குக் கணக்குப் போட்டால் ஒரு கிரிக்கெட் மைதானத்தின் நடுவிலிருந்து எல்லைக்கோடு வரை என்று சொல்லலாம். இதை ஆராய்ந்த மார்த்தா வெய்ஸ் 2003-ல் காரணத்தையும் சொன்னார். அது வெறும் சுத்தத்துக்காக அல்ல. எச்சத்தின் வாசனையைப் பிடித்துக்கொண்டு குளவி வந்துவிடும். எச்சம் கிடக்கிற வீடும் கிடக்காத வீடும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், குளவி முதலில் தேடிப் போனது எச்சம் கிடந்த வீட்டுக்குத்தான்.

குளவிக்கு இவ்வளவு பயப்படுகிறது புழு. இந்தப் பயத்தை நினைவில் வைத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் திரும்புவோம்.

எது வெள்ளை ஈ, எது செங்கண்ணன்?

இப்போது தமிழ்நாட்டில் தென்னை வைத்திருக்கிற எவருக்கும் ஓலையில் வெள்ளையாக எதைப் பார்த்தாலும் வயிற்றைக் கலக்கும். காரணம், சுருள் வெள்ளை ஈ. மத்திய அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்த இந்தப் பூச்சி, இந்தியாவில் முதன்முதலாக 2016-ல் பொள்ளாச்சிப் பக்கம்தான் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவிவிட்டது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் புதுச்சேரி, கடலூர்க் கரையில் தென்னைகளைச் சாய்த்துப் போட்டதைப் பார்த்தவர்கள், மறுபடி வைத்த கன்றுகளில் வெள்ளையாக எதையாவது பார்த்தால் பதறத்தான் செய்வார்கள்.

இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்வது பெரிய வித்தை இல்லை. வெள்ளை ஈ ஓலையின் அடிப்பக்கத்தில் வட்ட வட்டமாக, சுருள் கோலம் போட்ட மாதிரி முட்டை வைக்கும். ஓலை மடங்காது, சுருளாது. அது கழிக்கிற தித்திப்பான திரவம் கீழ் ஓலைகளில் வடிந்து, அதன்மேல் கரி பூசியது போல் கரும்பூசணம் படரும். கீழே இருக்கிற வாழை, கொய்யா, துவைத்துக் காயப்போட்ட துணி என்று எல்லாவற்றிலும் அந்தக் கறுப்பு தெரியும். செங்கண்ணன் விஷயத்தில் கறுப்பே இருக்காது. ஓலை குழாயாகச் சுருண்டிருக்கும், விளிம்பு கடிபட்டு ஈர்க்கு மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும், வெள்ளை உள்ளே மட்டும்.

செங்கண்ணனுக்காக மருந்தடிக்கத் தேவையே இல்லை. வளர்ந்த மரத்தில் ஏழெட்டு ஓலை போனால் மரத்துக்கு ஒன்றும் ஆகாது. சின்னக் கன்றில், இருப்பதே நாலு ஓலை என்கிற நிலையில் வந்தால், சுருண்ட ஓலையைக் கையால் பிரித்துப் புழுவை எடுத்துவிட்டால் முடிந்தது. காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும் குருத்தையும் தண்டையும் குடைந்து மரத்தையே கொல்கிறவை. இதை அவற்றோடு சேர்த்துப் பார்ப்பது அநியாயம்.

அது உண்மையிலேயே வெள்ளை ஈயாக இருந்தாலும் எடுத்த எடுப்பில் ரசாயன மருந்து வேண்டாம் என்பதுதான் வேளாண் துறையினர் சொல்லி வருவது. வெள்ளை ஈக்குள் முட்டையிட்டு அதை அழிக்கிற என்கார்சியா என்ற மிகச் சிறிய குளவி தென்னந்தோப்புகளில் தானாகவே பெருகுகிறது. கடும் மருந்து முதலில் கொல்வது அதைத்தான். விசைத்தெளிப்பானால் ஓலையின் அடிப்பக்கம் தண்ணீர் பீய்ச்சுவது, மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டுவது என்று செலவு குறைந்த வழிகள் இருக்கின்றன.

குளவி இல்லாவிட்டால் என்ன ஆகும்? செங்கண்ணனின் நெருங்கிய சொந்தக்காரன் ஒன்று இருக்கிறது, வாழை இலையைச் சுருட்டும் எரியோனோட்டா. தென்கிழக்கு ஆசியாவில் தன் பாட்டுக்கு இருந்த இது 1973-ல் ஹவாய்த் தீவுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கே இதைப் பிடிக்கிற ஒட்டுண்ணிக் குளவிகள் கிடையாது. வாழைத் தோட்டங்களில் நரம்பு மட்டும் மிஞ்சியது. கடைசியில் குளவிகளை வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகே அடங்கியது. அதிகம் தூரம் போக வேண்டாம். 2014 வாக்கில் கேரளத்து வாழைகளிலும் எரியோனோட்டா திடீரென்று பெருகி விவசாயிகளைத் திணற வைத்தது. ஆக, கொல்லையில் இருக்கிற குளவிதான் சம்பளம் வாங்காத காவல்காரன். ஒரு டேங்க் மருந்து அந்தக் காவல்காரனையும் சேர்த்துத்தான் அனுப்பிவைக்கும்.

ஆப்பிரிக்காவிலும் ஒரு செங்கண்ணன்

இருட்டில் பறந்து பனை இனங்களில் குடும்பம் நடத்தும் பழக்கம் நம் ஊருக்கு மட்டும் சொந்தமல்ல. தெற்கு ஆப்பிரிக்கக் காடுகளில் சோபோபீட்டிஸ் என்ற தாவி இருக்கிறது. அங்கே அதற்கு 'நைட்ஃபைட்டர்', அதாவது இரவுப் போராளி என்று பட்டப்பெயர். அதுவும் அந்தி சாய்ந்த பிறகே வரும், அதன் புழுவும் காட்டு ஈச்சையையும் தென்னையையும் தின்றுதான் வளரும். அதே ஆப்பிரிக்கக் காட்டுத் தாவிகளில் இன்னொரு கூட்டத்துக்கு 'போலீஸ்மேன்' என்றே பெயர். பட்டாம்பூச்சிக்கு இப்படியெல்லாம் பெயர் வைக்கலாம் என்றால், 2019-ல் 'தமிழ் மறவன்' பட்டாம்பூச்சியை மாநிலப் பட்டாம்பூச்சியாக்கிய நாம் செங்கண்ணனுக்கும் ஊர் ஊராக ஒரு செல்லப் பெயர் வைக்கலாம்.

பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பூச்சியைத் தேடி அலைய வேண்டாம், வீட்டைத் தேடுங்கள். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆரோவில் காடு என்று இருக்கிற கோட்டக்குப்பம் மாதிரி ஊர்களில் தென்னங்கன்றுக்குப் பஞ்சமில்லை. ஆள் உயரக் கன்றாகப் பார்த்து, ஓலைகளில் எங்காவது குழாய் மாதிரி சுருண்டிருக்கிறதா, நுனியில் ஈர்க்கு மட்டும் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளலாம். சுருளை முழுக்கப் பிரிக்காமல், ஓரத்தில் விரல் நுழைகிற அளவு விலக்கினாலே வெள்ளை தெரியும். வெள்ளை இல்லை, பழுப்பாக ஏதோ கிடக்கிறது என்றால் ஓலையை மெதுவாக ஒருமுறை தட்டிவிட்டுக் காதை வையுங்கள்.