மாடு காட்டிய மருந்து

நாமக்கல் என்றதும் முட்டையும் லாரியும் நினைவுக்கு வரும். அங்கே இரண்டு கல்லூரிகளும் இருக்கின்றன. ஒன்று, 1985-ம் ஆண்டு தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரி. மற்றது, 2022-ம் ஆண்டு திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி.

"மாட்டு வைத்தியம் வேறு, மனித வைத்தியம் வேறு" என்று பலர் நினைக்கிறார்கள். இரத்தத்துக்கு அந்தப் பேதம் இல்லை!

கெட்டுப்போன தீவனம்

1920-களில் கனடாவிலும் அமெரிக்காவிலும் மாடுகள் செத்து விழுந்தன. சிறு காயம் பட்டாலும் இரத்தம் நிற்கவில்லை. பூசணம் பிடித்த தீவனப் புல்தான் காரணம் என்று ஷோபீல்டு என்ற கால்நடை டாக்டர் கண்டுபிடித்தார்.

பின்னர் கார்ல் லிங்க் என்ற விஞ்ஞானியின் குழுவினர், அந்தப் புல்லில் இருந்த பொருளைப் பிரித்து எடுத்தனர். அந்த வழியில் பிறந்ததுதான் வார்பரின். முதலில் அது எலி மருந்தாக விற்றது. 1954-ல் மனிதருக்கு மருந்தாயிற்று.

இருதயத் துடிப்பு தாறுமாறானால், உள்ளே இரத்தம் தேங்கிக் கட்டியாகும். கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அதைத் தடுக்க இன்றும் வார்பரின் கொடுக்கிறார்கள்.

பூனைக்கும் வரும்

சில பூனைகளுக்கு இருதயத் தசை தடித்துவிடும். அங்கே உண்டாகும் இரத்தக் கட்டி, பின்னங்கால்களுக்குப் போகும் குழாயை அடைக்கும். துள்ளி ஓடிய பூனை காலை இழுக்கும். யாரோ அடித்துவிட்டார்கள் என்று வீட்டார் நினைப்பார்கள்.

இப்படி அடைப்பு வந்து பிழைத்த 75 பூனைகளை வைத்து அமெரிக்காவில் ஆராய்ச்சி நடந்தது. 2015-ல் முடிவு வெளியாயிற்று. ஆஸ்பிரினைவிட குளோபிடோக்ரல் மாத்திரை, மறு அடைப்பை இரண்டு மடங்குக்கும் மேலான காலம் தள்ளிப்போட்டது. மனிதருக்குப் பக்கவாதம் திரும்ப வராமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரைதான் அது!

புறா என்ன செய்யும்?

ஆனால் நம்மில் சிலர் இன்னும் புறா இரத்தத்தைக் கை காலில் தடவுகிறார்கள். புறாவின் உயிர் போகிறது. நோயாளியின் நேரமும் போகிறது.

கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வாய் கோணினாலும், ஒரு கை தளர்ந்தாலும், பேச்சு குழறினாலும் உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். வீட்டில் எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது. மூளையில் இரத்தக் கசிவாக இருந்தால், இரத்தத்தை இளக்கும் மருந்தே எமனாகும். ஸ்கேன் எடுத்த பிறகுதான் டாக்டருக்கே தெரியும்.

பிழைத்தவர் மூலையில் முடங்கக் கூடாது. தினமும் பயிற்சி செய்தால் கையும் காலும் தேறும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், வீடு தேடி வந்து பயிற்சி கொடுக்கிறார்கள்.

செய்ய வேண்டியது

மாட்டுக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கே ஓட்டிக்கொண்டு போகும் விவசாயி, தன் இரத்த அழுத்தத்தை வருடக் கணக்கில் பார்ப்பதில்லை. பக்கவாதத்துக்கு முதல் காரணமே அதுதான். சேலம், நாமக்கல் கிராமங்களில் கால்நடை முகாம் நடக்கும் இடத்திலேயே, மாடு ஓட்டி வருபவரின் இரத்த அழுத்தத்தையும் பார்க்கலாமே! இரண்டு கல்லூரிகளும் கைகோத்தால் இது பெரிய காரியம் அல்ல.

வாயில்லா ஜீவன் மனிதனுக்கு மருந்தைக் காட்டியது. மாட்டைக் காப்பாற்ற வருகிறவர், தன்னையும் காப்பாற்றிக்கொண்டு வீடு திரும்பட்டும்.