காகிதத்துக்கு மரம், களத்துக்கு என்ன?

பெங்களூரிலிருந்து தங்கவயலுக்கு ரயிலேறும் தோழர்கள் சன்னலோரம் உட்கார்ந்து பார்க்கட்டும். மாலூர்ப் பக்கம் தைலமரத் தோப்புகள் இன்றும் கண்ணில்படும். கண்ணுக்குப் பசுமைதான். வயிற்றுக்கு? அந்த நிலங்களில் பல, ஒரு காலத்தில் ராகி விளைந்த நிலங்கள்.

இந்த மாற்றம் தானாக வந்ததல்ல. 1980-களில் உலக வங்கிக் கடனோடு 'சமூகக் காடு வளர்ப்பு' என்ற திட்டம் கர்நாடகத்துக்கு வந்தது. ஏழைக்கு விறகு, மாட்டுக்குத் தழை என்று மேடையில் பேசினார்கள். தைலமரத் தழையை எந்த மாடு தின்னும்? வளர்ந்த மரம் லாரி ஏறி ரேயான் ஆலைக்கும் காகித ஆலைக்கும் போனது. மீதி, நகரத்துக் கட்டடங்களுக்குச் சாரக் கழியாக வந்தது. நம் தோழர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுகிற அதே கழிதான்!

ஆலைகள் உழவனின் வயலுக்கு ஏன் வந்தன? காட்டில் இருந்ததைத் தீர்த்துவிட்டு வந்தன. தாண்டேலி காகித ஆலைக்கு மேற்குத் தொடர்ச்சி மலை மூங்கிலை டன் ஒன்றரை ரூபாய்க்கு அரசு கொடுத்தது. கூடை முடைகிறவன் சந்தையில் கொடுத்த விலையோ அதைப்போலப் பல நூறு மடங்கு! இனாமாகக் கிடைத்ததை எவன் பேணுவான்? மூங்கில் தீர்ந்தது. பார்வை வயலின்மேல் விழுந்தது.

"உழவன் விரும்பித்தானே நட்டான்?" என்று கேட்கிறார்கள். எந்த உழவன் என்று நாம் கேட்கிறோம். 1974-இல் குத்தகைச் சட்டம் திருத்தப்பட்டபின், நகரத்தில் குடியிருந்த நிலக்காரனுக்கு ஒரு பயம். மனிதனை நிலத்தில் இறக்கினால் உரிமை கேட்பான், மரம் கேட்காது. சிறு உழவனும் நட்டான், மறுக்கவில்லை. வானம் பொய்த்து, ராகிக்குக் கட்டுப்படியான விலையும் இல்லாதபோது அவன் வேறென்ன செய்வான்? வழியடைத்துவிட்டு, விருப்பம் என்று பெயர் சூட்டுவது நியாயமா?

நிலமே இல்லாத கூலிக்காரர் கதி இன்னும் மோசம். ராகிக்கு விதைப்பு உண்டு, களையெடுப்பு உண்டு, அறுப்பும் போரடிப்பும் உண்டு. தைலமரத்துக்கோ நடுகிற நாள் ஒன்று, வெட்டுகிற நாள் ஒன்று. இடையில் ஏழெட்டு ஆண்டு, ஊருக்கு வேலையில்லை. வெட்டவும் காண்டிராக்டர் வெளியூர் ஆட்களைக் கொண்டுவருவான்.

தண்ணீருக்கு வருவோம். வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத மாவட்டம் கோலார். ஏரிகளை நம்பி வாழ்ந்த மண். ஆழ்துளைக் கிணறுகள் செய்த கேடு பெரிது, ஒப்புக்கொள்வோம். ஆனால் ஏரிக்கு நீர் வரும் மேட்டு நிலமெங்கும் ஆழ வேரோடும் மரத்தை நெருக்கி நட்டால், அந்தக் கேட்டுக்கு அது துணை போகாதா? 2018-இலிருந்து பெங்களூரின் சாக்கடை நீரைச் சுத்திகரித்துக் குழாய்வழியே கோலார் ஏரிகளுக்கு அனுப்புகிறார்கள். நிலைமை அதுவரை வந்துவிட்டது.

மக்கள் வாய்மூடி இருந்துவிடவில்லை. 1983-இல் தும்கூர் மாவட்டத்து உழவர்கள் நாற்றங்காலுக்குள் புகுந்து தைலமரக் கன்றுகளைப் பிடுங்கி எறிந்து, புளியங்கொட்டையும் மாங்கொட்டையும் ஊன்றினார்கள். 1984-இல் அரசும் ரேயான் ஆலையும் கூட்டுச் சேர்ந்து ஒரு கம்பெனி வைத்து, ஊர்ப் பொதுநிலத்தைக் குத்தகைக்கு எடுத்தன. 1987 நவம்பர் 14-இல் தார்வாட் மாவட்டம் குசனூரில் மக்கள் திரண்டு, கம்பெனி வைத்த கன்றுகளைப் பிடுங்கிப் பயன்தரும் கன்றுகளை நட்டார்கள். 1991-இல் அந்தக் கம்பெனி மூடப்பட்டது. கூடி நின்றால் வெல்லலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

2017-இல் கர்நாடக அரசு புதிதாகத் தைலமரம் நடத் தடை போட்டது. நல்லது, ஆனால் போதாது. ஆலையின் பசி தீரவில்லை. ஆந்திரத்தில் சவுண்டல், தமிழகத்தில் சவுக்கு என்று அது வேறு வயல்களில் நிற்கிறது. காட்டை விட்டு உழவனிடம் நேரடியாக வாங்கு என்று 1988 வனக்கொள்கை ஆலைகளுக்குச் சொன்னது. என்ன விலைக்கு என்பதை யார் சொல்வது? எடைக்கு விற்கிற மரம் காயக்காய எடை குறையும். விலை படியவில்லை என்று வெட்டிய மரத்தை வைத்திருக்க முடியாது, தின்னவும் முடியாது. ஆலை காத்திருக்கும், உழவனால் முடியாது. கிருஷ்ணா, குண்டூர், பிரகாசம் மாவட்டங்களில் சவுண்டல் உழவர்கள் விலைகேட்டுத் தெருவுக்கு வந்ததன் காரணம் இதுவே.

நாம் மரத்துக்குப் பகைவரல்லர். நம் பிள்ளைகளுக்கும் நோட்டுப் புத்தகம் வேண்டும். நாம் கேட்பது இவைதான்: நடும் நாளிலேயே குறைந்தபட்ச விலையை எழுத்தில் கொடு. வயலிலேயே எடைபோடு. ஏரி நீர்வரத்துப் பகுதியையும் ஊர்ப் பொதுநிலத்தையும் தொடாதே. வரப்பில் மரம், வயலில் தானியம் என்று வகுத்துக்கொள். ராகிக்கு உரிய விலை கொடு. பழைய காகிதம் பொறுக்கும் தொழிலாளிக்கு நியாயமான கூலி கொடு. அவர் சேர்க்கும் ஒவ்வொரு மூட்டையும் ஒரு மரத்தின் சுமையைக் குறைக்கிறது.

"பிழைக்க வந்த தமிழனுக்கு இதில் என்ன வேலை?" என்று நம் சங்கத்திலேயே சிலர் கேட்கலாம். களம் காலியான ஊரிலிருந்து கிளம்பிய கன்னடத் தொழிலாளி, காலையில் கூலிக்கு நிற்கும் முக்கில் நம் பக்கத்தில்தான் நிற்கிறார். அவரை நமக்குப் போட்டி என்றும், நம்மை அவருக்குப் போட்டி என்றும் சொல்லிப் பிரிக்க ஆளிருக்கிறது. இருவரையும் ஊரைவிட்டுத் துரத்தியது ஒரே கைதான். அதை அவர் மொழியிலும் நம் மொழியிலும் எடுத்துச் சொல்வதே நம் வேலை.