சம்பளம் கேட்காத காவலாளி

நாற்பது ஆண்டுகளாகப் பருப்பு மொத்த வியாபாரம் செய்து வருகிறோம். கிடங்கு வாசலில் சிந்தும் தானியத்துக்கு வரும் சிட்டுக்குருவி, புறா, மைனாக்களைப் படம் பிடிப்பது இரண்டு வருடமாக நமது பொழுதுபோக்கு.

ஒருநாள் இரவு கிடங்கைப் பூட்டும் நேரம். ஓட்டுக் கூரையின் இடுக்கில், இதய வடிவில் ஒரு வெள்ளை முகம்! கூகை. "அபசகுனம் முதலாளி, விரட்டிடலாம்" என்றார் மூட்டை தூக்குபவர். நாமோ தள்ளி நின்று, பிளாஷ் போடாமல், விளக்கு வெளிச்சத்திலேயே படம் எடுத்தோம். வீட்டில் பெரிதாக்கிப் பார்த்தால் அதன் காலில் ஓர் எலி! உடம்பு சிலிர்த்துவிட்டது.

கூகைக்கு முக்கிய உணவே எலிதான். இறக்கைச் சத்தம் கேட்காமல் பறந்து, கும்மிருட்டிலும் காதால் கேட்டே பிடித்துவிடும். மூட்டையைக் கடித்து நமது முதலைத் தின்னும் எலிக்கு எமனாக வந்ததையா சகுனம் பார்த்து இத்தனை காலம் விரட்டினோம்?

விஷம் தின்ற எலியைத் தின்றால் கூகையும் சாகக்கூடும். ஆகவே அன்றோடு விஷத்தை நிறுத்திக் கூண்டுப் பொறிக்கு மாறினோம். மற்ற வணிகர்களும் மாற வேண்டும் என்பது நமது கருத்து. கூகையைப் பிடிப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் நினைவில் கொள்க.

ஆயுத பூஜையன்று தராசுக்குப் பொட்டு வைக்கிறோம். அன்று கூரையையும் ஒருமுறை அண்ணாந்து பார்த்து நன்றி சொல்வோமே!