கடைச் சாப்பாடும் எங்கள் உடல் எடையும்

சென்ற இதழில் கிளினிக் கொப்பியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்த சகோதரிகள் சிலர் நேரில் கண்டபோது கேட்டது ஒரே கேள்விதான். "எடையைக் குறையுங்கோ, கடைச் சாப்பாட்டை நிப்பாட்டுங்கோ எண்டு டொக்டர் சொல்லுறா. அடுப்பே இல்லாத அறையில இருக்கிற நாங்கள் எங்க போய்ச் சாப்பிடுறது?"

நியாயமான கேள்வி. எடை குறைப்பது பற்றி எழுதுவோர் பலர், கடையில் சாப்பிடுவதை ஒரு கொண்டாட்டமாகவே நினைத்து எழுதுகின்றனர். பிறந்தநாளுக்கோ சம்பள நாளுக்கோ குடும்பமாகப் போய்ச் சாப்பிடுவோருக்கு அந்த ஆலோசனை பொருந்தும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கடையில் சாப்பிடும் எங்கள் பெண்களின் கதை வேறு. புடவைக் கடையில் காலை முதல் இரவு வரை நிற்கும் பிள்ளை, மஹரகம ஆஸ்பத்திரியில் தாயைக் காட்டுவதற்காக வந்து லொட்ஜில் தங்கியிருப்பவர், கடவுச்சீட்டு அலுவலாக ஊரிலிருந்து வந்தவர், "அறை தரலாம், ஆனால் சமைக்கக் கூடாது" என்ற நிபந்தனையோடு வாடகைக்கு இருப்பவர். இவர்களுக்குக் கடைச் சாப்பாடு ஆடம்பரமல்ல. அதுதான் அவர்களுடைய அடுக்களை.

இது நேற்றுத் தொடங்கியதுமல்ல. போர்க்காலம் முழுவதும் வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்கள் இந்த இரண்டு இடங்களிலும் உள்ள லொட்ஜ்களில்தான் மாதக்கணக்கில் தங்கினார்கள். வெளிநாட்டு விசா வரும்வரை, காணாமற்போன பிள்ளையைப் பற்றி ஒரு தகவல் கிடைக்கும்வரை என்று காத்திருந்தார்கள். 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் பொலிஸார் வந்து, பெண்கள் உட்பட 300க்கும் மேற்பட்டோரை லொட்ஜ்களிலிருந்து பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பினார்கள். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் வழக்குத் தொடுத்ததையடுத்து, மறுநாளே உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. அந்த நாட்களைப் பற்றிப் பேசும்போது பயத்தை எல்லோரும் நினைவுகூர்கிறார்கள். அந்த அறைகளில் ஒரு கேத்தல் வைக்கக்கூட அனுமதி இருக்கவில்லை என்பதையும், மூன்று வேளையும் கடைப் பார்சலில் பிள்ளைகளை வளர்த்ததையும் பெண்கள் மட்டுமே சொல்கிறார்கள்.

எடை ஏன் எங்களுக்குப் பிரச்சினையாகிறது? அழகுக்காக அல்ல. ஆசிய மக்களுக்கு உடல் திணிவுச் சுட்டெண் 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்கள் 2004இல் தெரிவித்தனர். என்னைப் போல 157 சென்ரிமீற்றர் உயரமுள்ள பெண்ணுக்கு அது ஏறத்தாழ 57 கிலோ. நான் 71 கிலோ. பெண்ணின் இடுப்புச் சுற்றளவு 80 சென்ரிமீற்றருக்கு மேல் போனாலும் கவனிக்க வேண்டும். தையல் நாடா போதும், மெஷின் தேவையில்லை. இலங்கையில் 2005, 2006ஆம் ஆண்டுகளில் நடந்த பெரிய ஆய்வு, வயது வந்தவர்களில் 10 பேரில் ஒருவருக்குச் சலரோகம் என்று கண்டது. வடக்கும் கிழக்கும் போரின் காரணமாக அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. அதாவது இந்தப் பத்தியைப் படிக்கும் உங்களில் பலர் அன்று எண்ணப்படவேயில்லை. பின்னர் 2018, 2019இல் எல்லா மாகாணங்களையும் சேர்த்துச் செய்த ஆய்வில் அது ஏறக்குறைய 100க்கு 23 ஆக இருந்தது.

இனி, கடைக்கு வருவோம். முதலில் சோறு. வெள்ளவத்தைச் சைவக் கடையொன்றில் மத்தியானம் போய் உட்கார்ந்தால் இலையிலோ கோப்பையிலோ ஒரு குன்று சோறு வரும். பருப்பு, இரண்டு மூன்று மரக்கறி, சம்பல், அப்பளம். கறிகள் ஒவ்வொன்றும் ஒரு கரண்டி. முடிப்பதற்கு முன்பே பரிமாறுபவர் வாளியோடு வந்து நிற்பார். அது உபசாரம். குறை சொல்ல முடியாது. பார்சலோ இன்னும் மோசம். ஒரு பார்சல் சோற்றை இரண்டு பேர் தாராளமாகச் சாப்பிடலாம்.

"அவ்வளவையும் சாப்பிடாமல் மீதி வையுங்கள்" என்று ஆலோசனை சொல்வது சுலபம். எங்கள் பெண்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். நான் சொன்னபோது ஓர் அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தார். "தங்கச்சி, நாங்கள் கஞ்சிக்கு வரிசையில நிண்ட ஆக்கள்" என்றார். அதற்கு மேல் அவர் ஒன்றும் சொல்லவில்லை. 2009இன் முதல் மாதங்களில் வன்னியில் இருந்தவர்களுக்கு அந்த வசனத்தின் பொருள் தெரியும். தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடையில் யாழ்ப்பாணத்தில் பிள்ளை வளர்த்தவர்களுக்கும் தெரியும். சமூகவியல் வகுப்பில் உணவுப் பழக்கம் என்று ஓர் அத்தியாயம் படித்தோம். பசியை அறிந்தவளுக்குக் கோப்பையை வழித்துச் சாப்பிடுவது பழக்கமா, பிரார்த்தனையா என்று அந்த அத்தியாயத்தில் இல்லை.

உடம்பும் பசியை மறப்பதில்லை. 1944, 45 குளிர்காலத்தில் நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில், ஜேர்மன் ஆக்கிரமிப்பின்போது கடும் பஞ்சம் நிலவியது. அப்போது தாயின் வயிற்றில் இருந்தவர்களை ஐம்பது வயதளவில் பரிசோதித்தபோது, மற்றவர்களைவிட அவர்களுடைய உடல் சீனியைக் கையாள்வதில் பின்தங்கியிருந்தது. 1967 முதல் 1970 வரை நைஜீரியாவில் பியாஃப்ரா போர்ப் பஞ்சத்தின்போது கருவில் இருந்தவர்களிடமும் இதையொத்த நிலை காணப்பட்டது. ஆகவே போர்க் காலத்தில் கர்ப்பமாக இருந்த தாய்மார் தங்கள் சீனியை மட்டுமல்ல, வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளின் எடையையும் கவனித்துக்கொள்வது நல்லது.

அந்த அக்காவுக்கும் எனக்கும் பிறகு ஓர் உடன்பாடு வந்தது. சோற்றைக் கொட்ட வேண்டாம். போடுவதற்கு முன்பே குறைக்கச் சொல்லலாம். "அண்ணை, சோறு அரைவாசி போதும், கீரை கூடப் போடுங்கோ." இலைக்கு வந்த பிறகு அது அன்னம். வாளியில் இருக்கும்வரை அது கடைக்காரரின் சோறு. பார்சல் என்றால் இரண்டு பேர் ஒன்றை வாங்கி, மேலதிகமாக ஒரு மரக்கறி வாங்கிப் பிரித்துக்கொள்ளலாம். கோப்பையில் பாதி மரக்கறியும் கீரையும், மீதிப் பாதியில் சோறும் பருப்போ மீனோ முட்டையோ இருப்பது நல்ல கணக்கு.

இதைக் கேட்பதற்குக் கூச்சப்படும் பெண்களே அதிகம். எங்கள் பழைய சைவக் கடைகள் ஆண்களுக்காக உருவானவை. பெண் ஒருத்தி தனியே வந்தால் உள்ளே ஒதுக்கமான மேசைக்கு அனுப்புவார்கள். அவளும் தலையைக் குனிந்து, வந்ததைச் சாப்பிட்டு, காசைக் கொடுத்துவிட்டுப் போவாள். கணவர் இல்லாத பெண் கடையில் இருந்து இன்னதுதான் வேண்டும் என்று கேட்டுச் சாப்பிட்டால், அதற்கும் ஒரு கதை கட்டுவோர் இருக்கிறார்கள். அவர்கள் எங்கள் சீனிக்கு மருந்து வாங்கித் தரப்போவதில்லை.

பின்னேரத்தில் வேறு சோதனை. தேத்தண்ணிக்குப் போய் இருந்தால் நாம் கேளாமலே வடை, ரோல்ஸ், பற்றிஸ் அடுக்கிய தட்டை மேசையில் வைப்பார்கள். எடுத்ததற்கு மட்டும் காசு. கதைத்துக்கொண்டே மூன்று போய்விடும். தட்டு வந்தவுடனேயே ஒன்றை எடுத்துக்கொண்டு, மற்றதைத் திருப்பிக் கொண்டுபோகச் சொல்லிவிடுங்கள். வேண்டுமானால் வடைக்குப் பதில் அவித்த கடலை கேளுங்கள். பல கடைகளில் உண்டு. பிளேன்ரீ சீனி போட்டுத்தான் வரும் என்பதால் முதலிலேயே "சீனி வேண்டாம்" என்று சொல்ல வேண்டும். ரின் பாலில் போடும் தேத்தண்ணி இன்னும் கனம்.

போத்தல் பானங்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். 2016 ஆகஸ்ட் முதல் இலங்கையில் இனிப்புப் பானங்களுக்கு நிற அடையாளம் இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் குறைந்தால் பச்சை. சிவப்புப் புள்ளியுள்ள 400 மில்லிலீற்றர் போத்தலில் 44 கிராமுக்கும் மேல், ஏறத்தாழ 9 தேக்கரண்டி சீனி இருக்கிறது. ஒரு நாளைக்கு 25 கிராம் அளவோடு நிறுத்துவது நல்லதென்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. கொத்துரொட்டியோடு அந்தப் போத்தலையும் வாங்கினால் என்னவாகும் என்று நீங்களே பாருங்கள்.

கொத்து என்று சொன்னதும் கொட்டாஞ்சேனைச் சகோதரிகள் சிரிப்பது தெரிகிறது. இரவு ஏழு மணிக்குப் பிறகு ஜம்பட்டா வீதிப் பக்கம் நடந்தால் தகடு தட்டும் சத்தமே பசியைக் கிளப்பும். எனக்கும் ஆசைதான். கோதுமை மா ரொட்டி, எண்ணெய், முட்டை, மேலே குழம்பு, இப்போது சீஸும். ஒரு பார்சல் மூன்று பேருக்குப் போதும். காலையில் வெறும் தேத்தண்ணியோடு ஓடி, மத்தியானத்தையும் தவறவிட்டு, இரவில் ஒரு முழுக் கொத்தைத் தனியே சாப்பிடும் பிள்ளைகளைத்தான் நான் அதிகம் காண்கிறேன். "நான் ஒருநேரந்தானே சாப்பிடுறன், ஏன் உடம்பு வைக்குது?" என்று கேட்பவர்களும் அவர்களே. காலையில் தெருவோரத்தில் விற்கும் இலைக்கஞ்சியோ, நான்கைந்து இடியப்பமும் சம்பலும் சொதியுமோ சாப்பிட்டால் இரவில் அந்த வெறி வராது. சொதியைக் குடிக்காமல் நனைக்க மட்டும் ஊற்றுங்கள். தேங்காய்ப்பாலிலும் கொழுப்பு உண்டு. குரக்கன் பிட்டு என்றால் எடை ஏறாது என்று நினைத்து இரண்டு குழல் சாப்பிடுவோரும் உண்டு. குரக்கனும் மாதான். அதிலும் தேங்காய்ப்பூதான்.

காசைப் பற்றிப் பேசாமல் இதைப் பேசக் கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. அந்த நாட்களில் மரக்கறியையும் மீனையும் விட்டுப் பலர் சோற்றையும் பராட்டாவையும் பிடித்துக்கொண்டார்கள். குறைந்த காசில் வயிறு நிறைவது அவற்றில்தான். அந்தப் பழக்கம் பல கோப்பைகளில் அப்படியே தங்கிவிட்டது. ஏழைப் பெண்ணின் பருமனைப் பார்த்து "நல்லாச் சாப்பிடுறா" என்பவர்களுக்கு இது விளங்காது.

இந்தக் கடைகளுக்கு வீட்டிலிருந்து இடியப்பமும் பிட்டும் அவித்துக் கொடுப்பவர்களிலும் எங்கள் சகோதரிகள் இருக்கிறார்கள். வடக்கில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவோடு பெண்களே நடத்தும் அம்மாச்சி உணவகங்களில் கண்முன்னே சமைத்துத் தருகிறார்கள். அங்கே "எண்ணெய் குறைச்சு ஒரு தோசை" என்று கேட்டால் முகம் சுளிக்கமாட்டார்கள். சிறிய அளவில் உணவு வியாபாரம் செய்யும் வாசகியர், அரைக் கோப்பைச் சோறு, சீனி போடாத தேத்தண்ணி என்று விலைப் பலகையில் எழுதி வைத்துப் பாருங்கள். கேட்கக் கூச்சப்படுபவள் விரலால் காட்டிவிடுவாள்.

சலரோகத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. எடையைக் குறைக்கிறேன் என்று நேரச் சாப்பாட்டை விடாதீர்கள். இன்சுலின் போடுபவர்களுக்கும் சில வகைக் குளிசை எடுப்பவர்களுக்கும் சீனி சடுதியாக இறங்கி மயக்கம் வரலாம். சாப்பாட்டின் அளவைக் குறைக்க முன்னர் கிளினிக்கில் சொல்லுங்கள். விரத நாட்களுக்கும் இது பொருந்தும். 35 வயதைத் தாண்டியவர்கள் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் வெல் வுமன் கிளினிக்கில் எடை, இரத்த அழுத்தம், சீனி எல்லாவற்றையும் இலவசமாகப் பரிசோதிக்கலாம்.

எவ்வளவு குறைக்க வேண்டும் என்று பயப்படுவோருக்கு இன்னொரு செய்தி. சலரோகத்தின் வாசற்படியில் நின்றவர்களை வைத்து அமெரிக்காவில் செய்து 2002இல் வெளியான ஆய்வில், உடல் எடையில் 7 வீதத்தைக் குறைப்பதும் வாரத்துக்கு 150 நிமிட நடையும் இலக்காக வைக்கப்பட்டன. அந்த வழியில் சென்றவர்களிடம் சலரோகம் வருவது 58 வீதம் குறைந்தது. எனது 71 கிலோவில் 7 வீதம் என்பது 5 கிலோ. 57ஐ நினைத்தால் மலைப்பாக இருக்கிறது, 66ஐ நினைத்தால் செய்யலாம் போலிருக்கிறது. மாலையில் மரைன் டிரைவில் கடற்காற்றில் நடக்கக் காசு கேட்பதுமில்லை.

கொட்டாஞ்சேனையில் எங்கள் பெண்கள் மூன்று பேர் நாள்தோறும் மத்தியானம் போகும் கடை ஒன்றில், இப்போது பரிமாறும் தம்பி அவர்களைக் கண்டதும் "அரைவாசிதானே அக்கா?" என்று தானே கேட்கிறானாம். கீரையும் இரண்டு கரண்டி வருகிறது. விலையைக் குறைக்க மட்டும் முதலாளி இன்னும் சம்மதிக்கவில்லை. அதைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.